எந்த வேட்பாளரும் கேட்டு அச்சிட்டது அல்ல

டென்வர்
ஆகஸ்ட் 14, 2018

திருமதி மார்னா கிரெக் அவர்களுக்கு,

எட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. ஒரு தகவலைச் சொல்லியாக வேண்டும் என்பதால்.

நான் இங்கே தேர்தல் பிரசார அட்டைகள் எழுதும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வீடு தபாலில் வந்து விழுமே, பளபளப்பாக, ஒரு முழம் நீளத்தில், அவைதான். பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்கு அரசியல் சாசனம் சொல்லிக்கொடுத்தவன் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. அந்த வாத்தியார் வேலை எப்படிப் போனது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட நூலகத்தில், பள்ளிக் குழுவில் உட்கார்ந்திருந்த ஏழு பேரில், என் வேலையை நீக்கத் தூக்கிய நான்காவது கை உங்களுடையது. அந்தக் கையோடுதான் கணக்கு முடிந்தது. தூக்கும்போது நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தையே பார்த்தீர்கள்.

நீங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்றுத்தான் என் மேசைக்கு உங்கள் பெயர் வந்தது. 'நாளைய மேட்டுநிலம்' என்றொரு அமைப்பு உங்களை ஜெயிக்கவைக்கத் தீர்மானித்திருக்கிறது. மொன்டானா வழியாகப் போகும் மின்கம்பித் தடத்துக்கு வரி போடுவதா வேண்டாமா என்பது அடுத்த கூட்டத்தொடரில் வருகிறதாம். ஒரே ஒரு இடம்தான் வித்தியாசமாம். அந்த ஒரு இடம் நம் டன்ஸ்மோர் தொகுதியாம். இந்த அமைப்புக்குப் பணம் தருவது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் சம்பளத்தில் நான் இல்லை.

உங்களைக் கேட்காமல் உங்களுக்காகச் செலவு செய்வார்கள். கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம். வேட்பாளரோடு ஒரு வார்த்தை கலந்து பேசிவிட்டால் அது நன்கொடை. நன்கொடை என்றால் உங்கள் மாநிலத்தில் ஆளுக்கு இருநூறு டாலர்கூடக் கிடையாது. பேசாதவரை வரம்பே இல்லை. பேசாமல் இருப்பதில் நமக்கு எட்டு வருடப் பயிற்சி இருக்கிறது.

வேறு தொகுதி கொடுங்கள் என்று முதலாளி டேரனிடம் கேட்டுப் பார்த்தேன். "யோவ், அந்தூரு மண் ரோடு பேரெல்லாம் உனக்குத்தான்யா தெரியும். அக்கான்னா என்ன, நீங்கதான் பேசிக்கிறதில்லையே? சட்டத்துக்கு உன்ன மாதிரி ஆள் கிடைக்குமா?" என்றார்.

அப்பா வீட்டு விஷயமாக ஏதாவது இருந்தால் மட்டும் எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம், பேசியதை நிரூபிக்க முடியாது. தேதி போட்ட கடிதம், ஒரு நகல் இங்கே வழக்கறிஞரின் கோப்பில். நாளை விசாரணை என்று வந்தால் யாரோ ஒரு அதிகாரி இதையெல்லாம் படிப்பார் என்பதை நினைவில் வைத்து எழுதவும்.

இப்படிக்கு,
லைல் துவெட்


டன்ஸ்மோர், மொன்டானா
ஆகஸ்ட் 22

லைல்,

முதலில், இதைப் படிக்கப்போகும் அதிகாரிக்கு என் வணக்கம். ஐயா, இவன் என்னை 'அவர்கள்' என்று எழுதியிருக்கிறானே, அதை நம்பாதீர்கள். நான்கு வயதில் இவன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான்.

வீட்டு விஷயம் இருக்கிறது. ஜூலையில் கல்மழை. கோழிமுட்டை அளவு. அப்பா வீட்டுக் கூரையின் மேற்குப் பக்கம் முழுக்க ஓட்டை. வீடு உன் பெயரிலும் என் பெயரிலும் இருப்பதால் காப்பீட்டுக்காரன் இரண்டு கையெழுத்தும் கேட்கிறான். படிவம் இத்துடன். மூன்றாம் பக்கத்தில் போடு. நான் ஏற்கெனவே போட்டுவிட்டேன்.

கோதுமை பரவாயில்லை. காட்டுச் செர்ரி இந்த வருடம் கிளை முறியக் காய்த்திருக்கிறது. வேறென்ன எழுதலாம் என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் செய்வதெல்லாம் எழுதக் கூடாத வேலையாக இருக்கிறது.

ஊர்ச் செய்தியாக ஒன்று எழுதினேன். எழுதிய பிறகு யோசித்தால், அது எதிர் வேட்பாளர் வீட்டுச் செய்தியும்கூட. சட்டத்தில் எந்தப் பக்கம் வரும் என்று தெரியவில்லை. அதனால் கீழே நான்கு வரி அடித்திருக்கிறேன். பேனா மை வீணானதுதான் மிச்சம்.

▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇
▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇
▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇
▇▇▇▇▇▇▇▇▇▇▇▇

மார்னா


டென்வர்
செப்டம்பர் 9

மார்னா,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஓடு வேண்டாம், தகரமே போடச் சொல். அடுத்த கல்மழைக்குச் சத்தம் மட்டும்தான் வரும்.

நீ அடித்த நான்கு வரிகளை ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. நீ எதைச் செய்தாலும் இப்படித்தான்.

இதை எழுதலாமா என்று வழக்கறிஞரைக் கேட்டேன். உன் பிரசாரப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருப்பதைப் பற்றிப் பேசினால் தப்பில்லை என்றார். அதனால் எழுதுகிறேன்.

நீ அங்கே மூன்று நிமிடப் படம் ஒன்று போட்டிருக்கிறாய். குரல் கிடையாது. எல்லா வேட்பாளர்களும் போடுகிறார்கள். 'பேசாமல் சிரி, நட, காபி ஊற்று' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எதற்கு என்று உனக்குச் சொன்னார்களோ இல்லையோ. எங்களைப் போல முகம் தெரியாதவர்கள் எடுத்துக்கொள்ளத்தான். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஆனால் நடுரோட்டில் வைத்துவிட்டுப் போனதைப் பொறுக்கிக்கொள்ளலாம். நாட்டின் சட்டமன்றங்கள் பாதி இப்படித்தான் நிரம்புகின்றன. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த எந்தப் பாடத்திலும் இது கிடையாது.

வேலைக்காக அந்தப் படத்தை முப்பது முறை பார்த்திருப்பேன். தானியக் கிடங்கு ஓரமாக நடக்கிறாய். பின்னால் வானம். அவ்வளவு வானத்தை நான் மறந்தே போயிருந்தேன். டென்வரில் வானம் கட்டடங்களுக்கு நடுவே கிழிந்த துணிபோலத் தெரியும். பிறகு மஞ்சள் பள்ளிப் பேருந்தின் படியில் ஒரு சிறுமியிடம் என்னவோ சொல்கிறாய். உதடு அசைகிறது, சத்தமில்லை. பிறகு உன் சமையலறை. காபி ஊற்றுகிறாய். நிமிர்ந்து பார்க்கிறாய். எட்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. இந்த முறை கை மேலே போகவில்லை, காபிக் கெண்டியைப் பிடித்திருக்கிறது.

உன் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. சுருட்டி இழுக்கிற வகை. இடது ஓரம் நீலமையில் ஒரு கறை. அது என் வகுப்பறையுடையது. என் சாமான்களைக் குப்பையில் போட்டதாகத்தான் எனக்குச் சொன்னார்கள்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

இங்கே தினமும் காலை பத்து மணிக்குத் தொகை வருகிறது. எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை. நீ கேக் ஏலம் விட்டு, கூட்டம் போட்டு, வருடம் முழுக்கச் சேர்த்ததைவிட அதிகம், ஒரு செவ்வாய்க்கிழமையில், ஒரே ஒரு அட்டைக்கு. முதலில் வெறுப்பாக இருந்தது. இப்போது கொஞ்சம் பயமாகவும், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வியப்பாகவும் இருக்கிறது. நான்காயிரம் பேர் ஓட்டுப் போடுகிற, பாதிப் பேருக்குப் பாதிப் பேர் உறவான நம் ஊரை நோக்கி, நம் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள் ஒரு கடலையே திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

லைல்


டன்ஸ்மோர்
செப்டம்பர் 29

லைல்,

இத்துடன் இருக்கும் பத்திரிகைத் துண்டைப் பார். வியாழக்கிழமை 'ஹெரால்டு' வார இதழில் நான் கொடுத்த கால் பக்க விளம்பரம். ஊரே படித்தாயிற்று, இனி உனக்கு எழுதினால் குற்றமில்லை.

உங்கள் அட்டை திங்கட்கிழமை வந்தது. தபால் நிலையத்தில் விவியன் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறாள். பெட்டியைத் திறந்து, பில்லை எடுத்துக்கொண்டு, தேர்தல் அட்டைகளைப் பீப்பாயில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மாதமாக அந்தப் பீப்பாய் மதியத்துக்குள் நிரம்பிவிடும். "மார்னா, உன் மூஞ்சிய நான் ஒரு நாளைக்கு மூணு தடவ வெளிய கொண்டுபோய்க் கொட்டுறேன். முதுகு போச்சு" என்பாள்.

திங்கட்கிழமை பீப்பாய் காலியாக இருந்தது. எல்லோரும் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

காலி நாற்காலியின் படம். 'டுவெய்ன் ரூடி: 41 வாக்கெடுப்புகளில் காணோம். சம்பளம் வாங்கினார். வேலைக்கு வரவில்லை. எங்கே போனார்?'

எங்கே போனார் என்று இந்தத் தொகுதியில் எல்லோருக்கும் தெரியும் லைல். போன வருடம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கிரேட் ஃபால்ஸ் ஆஸ்பத்திரியில், பெண்டாட்டி லவோன் கட்டில் பக்கத்தில். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி அவளைப் புதைத்தோம். தேவாலயத்தில் இடம் போதாமல் பாதிப் பேர் பனியில் நின்றோம்.

அட்டை வந்த அன்று மாலையே நான் டுவெய்ன் வீட்டுக்குப் போனேன். கையில் கேக் எதுவும் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனால் ஓட்டுக் கேட்க வந்த மாதிரி இருக்கும். கதவைத் திறந்தார்.

"வா மார்னா. உன் ஆளுங்க எழுதுனதப் படிச்சேன்."

"அவங்க என் ஆளுங்க இல்ல டுவெய்ன். யாருன்னே எனக்குத் தெரியாது."

"தெரியும். எனக்காக அட்டை போடுறானே 'நிமிர்ந்த மொன்டானா', அவனும் என் ஆளு இல்ல. உன்னப் பத்தி அவன் எழுதுறதப் படிச்சா நானே உனக்கு ஓட்டுப் போட மாட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் அந்த அட்டையை மேசையில் வைத்து விரலால் நீவிக்கொண்டே சொன்னார்: "நாப்பத்தொண்ணுன்னு நான் எண்ணவே இல்ல மார்னா. எங்கேயோ இருக்கற யாரோ எண்ணியிருக்காங்க. பட்டியல எடுத்துப் பாத்தேன். ஒவ்வொண்ணும் எந்த நாள்னு ஞாபகம் வருது. இந்தப் பதினேழாவது இருக்கு பாரு, அன்னைக்குத்தான் லவோன் ஆப்பிள் வேணும்னு கேட்டா. பாதி தின்னா. அதுக்கப்புறம் எதுவும் தின்னல."

நான் விளம்பரத்தில் எழுதியது மூன்று வரிதான். 'டுவெய்ன் ரூடி எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார். என்னை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொண்டு இதை அனுப்பியவர்கள் எங்கள் ஊரில் ஒரு நாளும் இருந்ததில்லை.'

கடைசி வரி பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

கூரை வேலை ஆரம்பித்தாயிற்று. தகரம்தான்.

மார்னா


டென்வர்
அக்டோபர் 4

அக்கா,

அந்த அட்டையை எழுதியது நான்தான்.

சமாதானம் சொல்ல எழுதவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது. தேதி, மசோதா எண், 'வரவில்லை'. நாற்பத்தொரு வரி. எனக்கு ரூடியைத் தெரியும், லவோனைத் தெரியும், அவள் தம்பிக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த லவோன் எட்டு வருடத்துக்கு முந்தைய லவோன். அவள் செத்ததை எனக்குச் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லாதபடி நான்தான் பார்த்துக்கொண்டேன். ஊர்ப் பத்திரிகையை நிறுத்தினேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகளைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். ஊருக்கு நான் கொடுத்த தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலி நாற்காலிப் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் நானே. டேரன் முதுகில் தட்டி, "இதுதான்யா வேலை!" என்றார். அன்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீ அடித்த நான்கு வரி இதுதானே? பதில் எழுதாதே. அதை ஒழுங்காகச் சட்டப்படி அடித்தாய். நான் ஒழுங்காகச் சட்டப்படி எழுதினேன். இரண்டு பேரும் ஒரு விதியையும் மீறவில்லை.

ரூடி சொன்னதை நூறு முறை படித்துவிட்டேன். நாற்பத்தொன்றையும் நாட்களாக நினைவு வைத்திருக்கும் ஒரு மனிதர். அதை வசையாக மாற்ற எனக்கு ஆன நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

லைல்


டன்ஸ்மோர்
அக்டோபர் 16

லைல்,

கூரை முடிந்தது. நேற்று முதல் பனி. ஒழுகவில்லை.

தபால் ஓட்டுச்சீட்டுகள் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டன. அதே நாளில் 'நிமிர்ந்த மொன்டானா'வின் புது அட்டையும் வந்தது. உன் படம் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் உனக்கு எதுவும் எழுதக் கூடாது. எழுதவில்லை.

பள்ளிக்கூட ஆண்டுமலரிலிருந்து எடுத்த படம். அந்த மீசை உனக்குப் பொருந்தவில்லை என்று அப்போதே சொன்னேன். இது தேர்தல் விஷயம் இல்லை, மீசை விஷயம்.

மார்னா


டென்வர்
அக்டோபர் 25

அக்கா,

இன்றைய 'ஹெரால்டு' உனக்கு வந்திருக்கும். அச்சில் வந்தபின் அது பொதுச்செய்தி, அதனால் இதை எழுத எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த நகல் வழக்கறிஞர் கோப்புக்குப் போகாது. நான் இப்போது அங்கே வேலையிலும் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அந்த அட்டை எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. என் மேசையில் என் முகம். என் மூக்கு உள்ளங்கை அளவுக்கு. மேலே சிவப்பில்: 'சொந்தத் தம்பியின் வேலையைப் பறித்தவர், உங்கள் வேலையைக் காப்பாற்றுவாரா?'

அக்கா, அது என் வாக்கியம். எட்டு வருடமாகக் குளிக்கும்போதும், கார் ஓட்டும்போதும், தூக்கம் வராதபோதும் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம். கிட்டத்தட்ட அதே சொற்கள். எனக்கு மட்டும் சொந்தம் என்று உள்ளே பூட்டிவைத்திருந்த ஒன்றை, நான் பார்த்தே இராத யாரோ நல்ல தாளில் மூவாயிரம் பிரதி அடித்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்மேல் இரக்கம் இல்லை. உன்மேல் கோபமும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். மலையடிவாரத்தில் நிற்பவனுக்கு வருமே, அப்படி ஒரு பிரமிப்பு. என் சின்னக் கசப்பு இவ்வளவு பெரிதாகுமா? இவ்வளவு பெரிதாக்கிய பிறகு அது ஏன் இவ்வளவு அற்பமாகத் தெரிகிறது?

டேரன் குதித்துக்கொண்டு வந்தார். "யோவ் லைல்! அந்தத் தம்பியே நம்மகிட்ட இருக்கானே! லாட்டரிய்யா இது!" கையில் தயாராக ஒரு தாள். 'என் பெயர் லைல் துவெட். என் அக்காவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்' என்று ஆரம்பித்தது.

"நான் மன்னிக்கலையே" என்றேன்.

"அத யாருய்யா கேட்டா? கையெழுத்துப் போடு."

"மன்னிச்சேன்னு சொன்னா பொய்யாகிடும்."

"நாப்பத்தொரு வாக்கெடுப்பு உண்மைதானய்யா? உண்மைய வச்சு என்னத்தக் கிழிச்ச?"

அது நியாயமான கேள்விதான். கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு 'ஹெரால்டு'க்குத் தொலைபேசியில் பேசி, அரைப் பக்கத்துக்கு என் பணத்தைக் கட்டினேன். தனியாள் செலவு செய்வதற்கும் அதே சட்டம்தான்: வேட்பாளரைக் கேட்கக் கூடாது. நான் உன்னைக் கேட்கவில்லை. நீ என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும்.

பத்திரிகை வராமல் போயிருந்தால் என்று இங்கே ஒரு முறை எழுதுகிறேன்:

'உங்களுக்கு வந்த அட்டையில் இருக்கும் மீசைக்காரன் நான். அதில் சொல்லியிருப்பது உண்மை. 2010 ஜூனில் என் அக்கா என் வேலையை நீக்கக் கை தூக்கினாள். பணம் ஒன்றுக்குத்தான் இருந்தது: சரித்திர வாத்தியார், அல்லது வடக்கு ரோட்டுப் பேருந்து. அந்தப் பேருந்தில் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களை நானும் எண்ணினேன். இருந்தும் நான் அவளை மன்னிக்கவில்லை. இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். சொந்தத் தம்பி எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கை மேலே போயிற்று. நடுங்கவில்லை. இன்று நம் தொகுதிக்குள் எங்கிருந்தோ பணம் வந்து கொட்டுகிறது. ஜெயித்தவரிடம் அது நாளைக்கு ஒரு கையைக் கேட்கும். என்னாலேயே கீழே இறக்க முடியாத கை அது. வேறு யாராலும் முடியாது. ஹெலினா சட்டமன்றத்தில் எனக்காகத் தூக்க ஒரு கை வேண்டுமென்றால் எனக்கு அதுதான் வேண்டும்.

காலி நாற்காலி அட்டையை எழுதியவனும் நான்தான். டுவெய்ன், அதற்கு நான் உங்களிடம் நேரில் வந்து தலைகுனிய வேண்டும்.

லைல் துவெட்டின் சொந்தச் செலவு. எந்த வேட்பாளரும் கேட்டு அச்சிட்டது அல்ல.'

கடைசி வரியைச் சட்டம் போடச் சொல்கிறது. நூற்றுக்கணக்கான அட்டைகளின் அடியில் எறும்பளவு எழுத்தில் அதைப் போட்டிருக்கிறேன். இந்த முறைதான் அதைப் படித்தேன்.

லைல்


டன்ஸ்மோர்
நவம்பர் 8

டேய் லைல்,

தேர்தல் முடிந்தது. அதிகாரி ஐயா, நீங்கள் எழுந்து போகலாம். இனி இது உங்கள் சமாசாரம் இல்லை.

தோற்றுவிட்டேன். இருபத்துமூன்று ஓட்டு.

உனக்குச் சுற்றிவளைத்துச் சொன்னால் பிடிக்காது, அதனால் நேரே சொல்கிறேன். காலி நாற்காலிதான் என்னைத் தோற்கடித்தது. உன் அரைப் பக்கம் வந்தபோது பாதிப் பேர் ஓட்டுச்சீட்டை ஒட்டி அனுப்பியாயிற்று. "மார்னா, நீ நல்லவதான், ஆனா லவோன நெனச்சா கை உனக்குப் போகல" என்று விவியனே என்னிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். இந்த ஊரில் அந்தப் பழக்கம் எனக்கு மட்டும் இல்லை.

உன் விளம்பரம் வந்த அன்று காபிக்கடையில், ஒருவர் படித்து முடித்து அடுத்தவரிடம் தள்ள, அது மேசை மேசையாகப் போயிற்றாம். கடைசியில் பழைய உரக்கடை ஆர்னி சொன்னானாம்: "இவன் இவளுக்கு ஓட்டுக் கேக்குறானா, இவளத் திட்டுறானா?" யாரோ, "ரெண்டுந்தான். துவெட் வீட்டு ஆளுங்க அப்படித்தான்" என்றார்களாம். தபால் ஓட்டைத் தவிர்த்து, தேர்தலன்று நேரில் வந்து போட்ட ஓட்டுகளில் நான் முன்னால் இருந்தேன். அதை உனக்குச் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

நேற்று டுவெய்ன் வந்தார். அவர் கையில் ஒரு கூடை ஆப்பிள். "ஜெயிச்சது நானான்னே தெரியல மார்னா. இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு யாரோ போன் பண்ணி, 'மின்கம்பி மசோதா விஷயமா பேசணும்'னான். நீ யாருய்யான்னு கேட்டேன். 'உங்களுக்காக நிறைய செஞ்சவங்க'ன்னான்." பிறகு கூடையை மேசையில் வைத்துவிட்டு, "உன் தம்பி எழுதுனத வெட்டி பர்ஸ்ல வச்சிருக்கேன். மசோதாவுக்கு ஓட்டுப் போடறப்போ பாத்துக்கலாம்னு" என்றார். தோற்ற வருத்தம் அந்த இடத்தில் பாதி போயிற்று. மீதிப் பாதி இருக்கிறது, அது என்னுடையது.

புதன்கிழமை தபால் நிலையத்தில் பீப்பாய் காலி. ஒரு அட்டைகூட இல்லை. மூன்று மாதம் எங்கள்மேல் கொட்டிய அவ்வளவும் ஒரே இரவில் நின்றுவிட்டது. எங்களை அவ்வளவு நேசித்தவர்களும் அவ்வளவு வெறுத்தவர்களும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. விவியன் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் செடித் தொட்டியை வைத்துவிட்டாள்.

நீ என்னை மன்னிக்கவில்லை என்று அரைப் பக்கத்தில் போட்டாய். சரி. எனக்கு விளம்பரம் போடப் பணம் இல்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன். காலி நாற்காலிக்காக நானும் உன்னை மன்னிக்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது. மன்னிக்காத இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து வான்கோழி தின்னக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இருபத்திரண்டாம் தேதி, நன்றியறிதல் நாள், பகல் ஒரு மணி. டுவெய்னும் வருகிறார். நீ தலைகுனிய வேண்டும் என்று சொன்னாயே, அதற்கு முன் அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்.

வரைபடம் பற்றிக் கேட்டாய், பதில் வேண்டாம் என்றும் எழுதினாய். பள்ளிக்கூடத்துக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். ஜூன் மாதம், மழை. காயவைக்க மூன்று நாள் ஆயிற்று.

இன்னொன்று. நான்கு வரி அடித்தேனே, அது லவோன் செய்திதான் என்று நீயே கண்டுபிடித்து எழுதினாய். முதல் மூன்று வரி அதுதான். நாலாவது வரிக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமே இல்லை. சேர்த்து அடித்துவிட்டேன். சட்டத்தின்மேல் பழியைப் போட்டேன். அது இதுதான்:

நீ போன பிறகு இந்த ஊரில் என்னோடு சரிக்குச் சரி சண்டை போட ஆளே இல்லை.

அக்கா